குறை நீக்கிய கொக்கி

இயக்குநர் என்று வந்திருக்கும் இந்த மனுஷன் கையில் யாராவது ஒரு கம்பியைக் கொடுத்து, ஒருமுறை வளைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஒரே ஒரு கம்பி. துணி மாட்டும் ஹேங்கர் கம்பி போதும். முதல் தடவை சொன்னபடி கேட்கும். அதே இடத்தில் திருப்பி நிமிர்த்தப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். பக்கத்தில் வேறு எங்காவது வளையுமே தவிர, வளைந்த இடம் மட்டும் நிமிராது. சின்ன வயதில் எல்லோரும் பார்த்த வேடிக்கைதான். இவர் சின்ன வயதில் என்ன செய்துகொண்டிருந்தாரோ.

இப்படி அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாய், “சரி சார்” என்றது.

எதற்குச் சரி சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டியதிலிருந்து, ஏதோ பெரிய விஷயத்துக்குத்தான் என்று மட்டும் புரிந்தது.

அவள் உலோக ஆய்வு நிலையத்தில் நுண்ணோக்கி அறையின் பொறுப்பாளர். நிலையத்தில் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் வேலை இதுதான்: உலோகத்தில் விரல்நகம் அளவு ஒரு துண்டு வெட்டி, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, அமிலத்தில் ஒரு முக்கு முக்கி, நுண்ணோக்கியின் கீழே வைப்பாள். உலோகத்துக்குள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஆனால் எந்த உலோகத்திலும் எல்லா வரிசையும் கடைசிவரை போவதில்லை. சில வரிசைகள் பாதியிலேயே நின்றுவிடும். அந்த இடங்களை அமிலம் முதலில் அரிக்கும். பார்த்தால் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரியும். அந்தக் குழிகளை எண்ணிப் படிகக் குறைபாடு இவ்வளவு என்று எழுதுவது அவள் பொறுப்பு. உலோகத்தை எப்படி அடித்தார்கள், எப்படிக் காய்ச்சினார்கள் என்று சொல்ல அந்த எண் உதவும். இருபது வருடமாக அவள் எழுதிய எண்களை யாரும் படிக்கவில்லை. நிலையம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

பிறகு புது இயக்குநர் வந்தார். வந்தவர் படித்துவிட்டார்.

அவர் இதற்கு முன்பு பூங்காக்கள் துறையில் இருந்தவர். அங்கே சருகு விழுவதைப் பாதியாகக் குறைத்தவர் என்று அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பு சொன்னது. மரங்களைப் பாதியாகக் குறைத்தார் என்பதை அது சொல்லவில்லை. குறிப்பை எழுதியவரும் அவரே.

“ஒரு சதுர சென்டிமீட்டர் இரும்புல கோடிக்கணக்குல குறை!” என்று முதல் கூட்டத்திலேயே அவர் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “நம்ம வீட்டு இரும்புல இவ்வளவு குறைய வச்சுக்கிட்டு நாம ஊரான் இரும்புக்குச் சான்று குடுக்கறோம். வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?”

“சார், அது எல்லா உலோகத்துலயும் இருக்கறதுதான்” என்றாள் அவள். “அது இருக்கறதாலதான் இரும்பு கண்ணாடி மாதிரி உடையாம, வளைஞ்சு குடுக்குது. அதுவே நிறைய சேர்ந்து ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டா இரும்பு கெட்டிப்படும். கொல்லன் சுத்தியால அடிக்கறதே அதுக்குத்தான். அதைக் குறைன்னு சொல்றது...”

“குறைக்குக் காரணம் சொல்ல எல்லாராலயும் முடியும்மா. குறைக்கத்தான் ஆள் இல்ல. குறைக்க வழி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“உலையில வச்சு நல்லா காய்ச்சி, மெதுவா ஆறவிட்டா குறையும். ஆனா இரும்பு மெத்துனு ஆயிடும், எதையும் தாங்கா...”

நிர்வாக அதிகாரி ‘குறையும்’ என்ற இடத்திலேயே பேனாவை மூடிவிட்டார். அவருக்கு நிலையத்தில் சுற்றறிக்கை என்று பெயர். காலையில் வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஒரு சுற்றறிக்கை விடாவிட்டால் அவரால் உட்கார முடியாது. மறுநாள் வந்தது: நிலைய வளாகத்தில் உள்ள உலோகப் பொருள்கள் யாவும் உலைக்கு அனுப்பப்பட்டுக் குறை நீக்கம் செய்யப்படும், குறை நீங்கிய பொருளில் நுண்ணோக்கி அறை நிலையத்தின் முத்திரையைப் பதிக்கும், முத்திரை இல்லாத உலோகத்தை வளாகத்தில் யாரும் பயன்படுத்தக் கூடாது. கூட்டத்தில் அவள் வாய் ‘சரி சார்’ என்றது இதற்குத்தான்.

அவள் அப்போதே எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எப்போதும்போல, இது நாலு நாள் கூத்து, தானாக ஓய்ந்துவிடும் என்று நினைத்தாள். வீட்டில் மாமியார் சமையலறையை ஐந்தாவது தடவை இடம் மாற்றியபோதும் இப்படித்தான் நினைத்தாள்.

முதலில் சாவிகள் போயின. உலைக்காரர் பழுக்கக் காய்ச்சி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் எண்ணிப் பார்த்தாள். குறை நிஜமாகவே மடமடவென்று குறைந்திருந்தது. எண்ணில் பொய் இல்லை. இயக்குநர் அந்த எண்ணைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அன்று மாலை அவரே தன் அறையைப் பூட்டப் போனபோது, சாவி பூட்டுக்குள் சாதுவாகத் திரும்பியது. பூட்டு திரும்பவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் சாவி கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது.

“பாத்தீங்களா?” என்றார் இயக்குநர் மகிழ்ச்சியாக. “முன்ன பூட்டும் சாவியும் சண்டை போடும். இப்ப சாவி விட்டுக் குடுத்துருச்சு. இதான் பண்பாடு.”

அன்றிலிருந்து எந்த அறையும் பூட்டப்படவில்லை. திறந்த நிர்வாகம் என்று அதற்கு ஒரு சுற்றறிக்கை வந்தது.

அடுத்து ஸ்டேப்ளர் ஊசிகள். காகிதத்தைத் தொட்டதும் அவை கும்பிடு போட்டு மடங்கிப் படுத்துக்கொண்டன. கோப்புகள் தனித்தனித் தாள்களாயின. கேன்டீன் கத்தி ரொட்டியில் அழுத்தியதும் ரொட்டியின் வடிவத்துக்கு வளைந்தது; ரொட்டி முழுதாக இருந்தது. கட்டிதட்டிய சர்க்கரையைக் கலக்கப் போன ஸ்பூன்கள் கொண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தன. நாற்காலிகளின் ஸ்பிரிங்குகள் உலையிலிருந்து வந்த அன்று, உட்கார்ந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்தபடியே தரைக்கு இறங்கினார்கள். எழுந்த பிறகும் நாற்காலி எழவில்லை.

இதற்கும் இயக்குநரிடம் விளக்கம் இருந்தது. “அமுக்குனா திருப்பி எழுந்து வர்றதுன்னா என்ன அர்த்தம்? எதிர்ப்பு மனப்பான்மை. ஒரு அதிகாரி உக்காந்தா அவரோட உருவத்தை அப்படியே ஏத்துக்கற நாற்காலி இருக்கே, அதுதான் நாற்காலி. இங்க வேலை செய்யறவங்களும் அதுமாதிரி இருக்கணும்னு நான் சொல்ல வரல. சொல்லாமலே புரிஞ்சிருக்கும்.”

புரிந்தது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். தரையோடு தரையாக உட்கார்ந்திருந்ததால் மேஜைக்கு மேலே தலை மட்டும்தான் தெரிந்தது.

இழுவை இயந்திரம் என்று ஒன்று கீழ்த்தளத்தில் இருந்தது. கம்பியின் இரண்டு முனைகளையும் பிடித்து, அறுகிறவரை இழுத்து, எவ்வளவு தாங்கும் என்று சொல்லும். அதைப் பார்க்க வந்த இயக்குநர் முகம் சுளித்தார். இழுக்க இழுக்க உலோகத்தில் குறைபாடு பெருகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்கூட.

“அரசாங்கச் செலவுல குறை உற்பத்தி பண்ற மெஷினா இது?” என்று கேட்டார். இயந்திரத்துக்கு உறை போட்டார்கள். அதோடு, எந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியும் நிலையத்தில் முடிவுக்கு வந்தது.

பிறகு காலியிடப் பிரச்சினை வந்தது. எல்லா உலோகத்திலும் அணு இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாக இருக்கும். சூடு இருக்கிறவரை அந்தக் காலியிடங்களை முழுக்க ஒழிக்க முடியாது என்று கூட்டத்தில் அவள் சொல்லித் தொலைத்தாள். நடக்காத காரியம் என்று புரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் சொன்னாள்.

“அப்ப சூட்டைக் குறைச்சிருங்க” என்றார் இயக்குநர்.

குளிரூட்டி கடைசி எண்ணுக்குத் திருப்பப்பட்டது. எல்லோரும் கம்பளிச் சட்டையோடு வந்தார்கள். தட்டச்சு செய்பவர்கள் கையுறையோடு தட்டச்சு செய்தார்கள். ஒரு விரலுக்கு மூன்று எழுத்து விழுந்தது. முழுக் காலியிட ஒழிப்புக்கு வேண்டிய வெப்பநிலையை வாங்கித்தரும்படி கணக்குப் பிரிவுக்குக் கோப்பு போனது. இந்த உலகத்தில் எங்கேயும் கிடைக்காத அந்தக் குளிருக்கு மூன்று கடைகளில் விலைப்பட்டியல் கேட்டு வாங்கும்படி கணக்குப் பிரிவு பதில் எழுதியது.

இவ்வளவுக்கும் நடுவில் பூதக்கண்ணாடி ஒரே ஒரு தவறு செய்தாள். முத்திரை உளியை ஒளித்துவைத்தாள்.

விரல் நீளத்தில் ஒரு எஃகுத் துண்டு அது. ஒரு முனையில் நிலையத்தின் சின்னம் வெட்டியிருக்கும். மறுமுனையில் சுத்தியலால் தட்டினால் கீழே இருக்கும் உலோகத்தில் சின்னம் பதியும். இருபது வருட அடியில் அதன் தலை காளான் மாதிரி விரிந்துபோயிருந்தது. அதுவும் உலைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. அவள் அதைத் தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டுக்கொண்டாள். டப்பாக்களை மட்டும் சுற்றறிக்கை விட்டுவைத்திருந்தார். அவருக்கே பசி எடுக்குமே. ‘உணவு உள்ளே இருக்கும் வரையில் டப்பா உலோகமாகக் கருதப்படமாட்டாது’ என்று அதற்கொரு விதிவிலக்கு இருந்தது. அதனால் அவள் டப்பாவை ஒருநாளும் காலியாக்குவதில்லை. மூலையில் ஒரு கவளம் சோறு எப்போதும் உளிக்குக் காவல் இருந்தது.

அதற்குப் பதிலாக வாங்கி, உலைக்குப் போய்வந்த புது உளி முதல் தட்டிலேயே நசுங்கிச் சின்னம் அழிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு பழைய உளியால் முத்திரை குத்தினாள். முத்திரைகள் பளிச்சென்று விழுந்தன. எதற்காக அதை ஒளித்தோம் என்று அவள் பலமுறை யோசித்தாள். வீரம் எல்லாம் இல்லை. அந்த உளி உலையில் மெல்லச் சிவந்து, தளர்ந்து, எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லக் கற்றுக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்க அவளால் முடியாது. நிலையத்தில் அந்தப் படிப்பு முடித்தவள் ஒருத்தி போதும்.

இந்தச் சமயத்தில்தான் அவள் கொழுந்தன் ஒரு மாலை, சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, உங்க ஆபீஸ் கண்ணாடி எனக்குத்தான்.”

அவன் உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடி துடைக்கிறவன். மொட்டைமாடியிலிருந்து இரண்டு கொக்கிகளில் தொங்கும் தொட்டிலில் நின்றுகொண்டு, தண்ணீர் வாளியும் துடைப்பானுமாக மாடி மாடியாக இறங்குவான். ஊரிலேயே எல்லோரையும் குனிந்து பார்க்கிற ஆள் தான்தான் என்று பெருமை அடித்துக்கொள்வான்.

“எங்க கண்ணாடியா? எதுக்கு?” என்றாள் பாத்திரம் கழுவிக்கொண்டே.

“உங்களுக்கு என்னமோ விருதாமே. மாசற்ற நிலையம்னு. விருதுக் குழு வருதாம். பதினோரு மாடியும் பளபளன்னு இருக்கணுமாம். ஆனா அண்ணி, உங்க ஆளுங்க சரியான கிறுக்கனுங்க. கேட்டுலயே என் கொக்கி ரெண்டையும், இடுப்பு பெல்ட்டுல இருக்கற கொக்கியையும் புடுங்கிக்கிட்டாங்க. குறை நீக்கிக் குடுப்பாங்களாம். நான் என்ன குறை இருக்குன்னு அழுதேனா?”

அவள் கையிலிருந்த தட்டு தொட்டியில் விழுந்தது.

“அண்ணி?”

“கொக்கியையா வாங்கினாங்க?”

“ஆமா. ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவனுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். “சினிமா தியேட்டர்ல ஒரு வரிசை முழுக்க ஆள் உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்க. எல்லாரையும் ஒரே நேரத்துல ஒரு சீட் தள்ளி உக்காரச் சொன்னா முடியுமா?”

“அடிதடி ஆயிடும்.”

“ஓரத்துல ஒரு சீட் காலியா இருந்தா? ஒருத்தர் நகருவார், அப்புறம் பக்கத்துல இருக்கறவர், அப்புறம் அடுத்தவர். சத்தமில்லாம மொத்த வரிசையும் நகர்ந்துரும். இரும்பும் அப்படித்தான் வளையுது. உள்ள இருக்கற குறை ஒவ்வொண்ணா நகருது.”

“அப்ப குறை இல்லாட்டி வளையாதே. நல்லதுதானே?”

“ஒண்ணுகூட இல்லாம செய்ய யாராலயும் முடியாது. கொஞ்சமா மிச்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்குத் தியேட்டரே காலி. தடுக்க ஆள் இல்ல, இஷ்டத்துக்கு ஓடும். கொக்கி வெண்ணெய் மாதிரி ஆயிடும். நல்ல கொக்கியில அந்தக் குறைங்களோட கூட்டம் நெரியும். நடுவுல டிக்கெட் இல்லாதவன் ஒருத்தன் வந்து, எழுந்திருக்கவே மாட்டேன்னு உக்காந்துக்குவான். யாராலயும் நகர முடியாது. அதான் பலம்.”

“அந்த டிக்கெட் இல்லாதவன் நான்தானே?” என்று சிரித்தான் கொழுந்தன். “உள்ள கூடத்துல பேப்பர் படிக்கிறாரே எங்கண்ணன், அவரும் அப்படித்தான். எழுந்திருக்கவே மாட்டார்.”

“வெளையாடாத. அந்தக் கொக்கில ஏறாத.”

“ஏறலைன்னா வேற ஆளை ஏத்துவாங்க அண்ணி. அவன் வீட்லயும் ஒரு அண்ணி இருப்பாங்க.” வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான். “முத்திரை குத்தறது நீங்கதானாமே. நீங்க குத்துனா நான் ஏறுவேன். அவ்வளவுதான். ஆனா உங்களப் பத்தி எனக்குத் தெரியும். உங்க வாய்க்கு ‘சரி’யத் தவிர எதுவும் பழக்கமில்ல.”

கேலியாகத்தான் சொன்னான். அவளுக்கு அன்றிரவு அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் கொக்கிகள் உலையிலிருந்து வந்துவிட்டன. உலைக்காரர் அவற்றை அவள் மேஜையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “நான் காய்ச்சத்தான் காய்ச்சினேன். எனக்கே மனசு கேக்கல. ஒண்ணைத் தூக்கிப் பாத்துருவோமா?”

உலைக்கூடத்து உத்தரத்தில் ஒரு கொக்கியை மாட்டினார்கள். தொங்கவிட எடை தேடியபோது, உலைக்காரர் மூலையில் குவிந்திருந்த சுற்றறிக்கைக் கட்டுகளைக் காட்டினார். கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்து மாட்டினார்கள். இரண்டு ஆள் எடை வந்திருக்கும். அந்தக் காகிதங்களுக்குக் கனம் வந்ததும் அன்றுதான். கொக்கி முதலில் யோசித்தது. பிறகு, கூட்டம் முடிந்து சோம்பல் முறிக்கிறவர் மாதிரி, சாவகாசமாக நிமிர்ந்தது. சுற்றறிக்கைகள் தொப்பென்று தரையில் விழுந்தன.

அவள் அந்த நிமிர்ந்த கொக்கியை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநரின் அறைக்குப் போனாள். கதவு பூட்டப்படாததால் தட்ட வேண்டியிருக்கவில்லை. கொக்கியை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

“சார். ரெண்டு ஆள் எடை. இவ்வளவுதான் தாங்கிச்சு.”

இயக்குநர் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தரையோரத்திலிருந்து சுற்றறிக்கை எட்டிப் பார்த்தார்.

“இது உலையிலேர்ந்து வந்தப்ப எப்படி இருந்தது?”

“நல்லா இருந்தது சார். குறை ரொம்பக் கம்மியா...”

“அப்ப குறையில்லாம வந்த கொக்கியை நீங்க தொங்கவிட்டுக் குறைப்படுத்தி இருக்கீங்க.”

“சார், நான் சொல்ல வர்றது...”

“இவங்க மேல நடவடிக்கை எல்லாம் வேண்டாம்” என்று இயக்குநர் சுற்றறிக்கையிடம் பெருந்தன்மையாகச் சொன்னார். “இருபது வருஷம் குறையையே பாத்துப் பாத்து, கண்ணு அப்படிப் பழகிருச்சு. புதுசா ஒரு விதி மட்டும் போட்டுருங்க. இனிமே கொக்கில யாரும் எதையும் தொங்கவிடக் கூடாது.”

“விழாவுக்கு சார்?” என்றார் சுற்றறிக்கை.

“விழாவுக்கு மட்டும் தொங்கவிடலாம். இந்த நிமிந்த கொக்கியைத் திருப்பி வளைச்சு, மறுபடியும் உலையில போடுங்க.”

அவள் படி இறங்கி வந்தாள். குளிரில் மூச்சு புகையாக வந்தது.  வந்தது கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் அவளுக்கு அழுகை வரும், இப்போது வரவில்லை. மாமியாரிடம் சொன்ன சரி, வீட்டுக்காரரிடம் சொன்ன சரி, இந்த மாடியில் சொன்ன சரிகள் எல்லாம் உள்ளே எங்கேயோ ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஒன்றின் காலில் இன்னொன்று மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று தோன்றியது. இனி ஒன்றுக்கும் நகர இடம் இல்லை.

விழா நாளன்று மொட்டைமாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் இரும்புக் கால்களும் குறை நீங்கியவையாதலால், பந்தல் காற்றடித்த பக்கமெல்லாம் சாய்ந்து மரியாதை செய்துகொண்டிருந்தது. விருதுக் குழுத் தலைவர் பெரிய கண்ணாடி போட்ட பெரியவர். தாழ்ந்த நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார். மடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் விருது இருந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டில் தயாராக நின்றது. கொழுந்தன் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தொட்டிலுக்குள்ளும் ஒரு காலை மாடியிலும் வைத்திருந்தான். அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். முகம் வெளுத்திருந்தது.

“இந்தக் கொக்கிகள்,” என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் முழங்கினார், “எங்கள் நிலையத்தின் சாதனை. எவ்வளவு தாங்கும் என்று கேட்காதீர்கள். நாங்கள் கேட்பதில்லை. எவ்வளவு தூய்மை என்று கேளுங்கள்! இதோ, நுண்ணோக்கி அறையின் பொறுப்பாளர் உங்கள் முன்னிலையில் முத்திரை பதிப்பார். பதித்ததும் கண்ணாடி துடைக்கப்படும்.”

சுற்றறிக்கை தாம்பாளத்தில், உலைக்குப் போய்வந்த இன்னொரு புது உளியை நீட்டினார். அவள் அதைக் கொக்கியின் மேல் வைத்துத் தட்டினாள். உளி நசுங்கியது. கொக்கியில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது, சின்னம் விழவில்லை. கூட்டம் கைதட்டலாமா வேண்டாமா என்று தயங்கியது.

“இன்னும் ஓங்கித் தட்டுங்க” என்றார் சுற்றறிக்கை.

“எவ்வளவு தட்டினாலும் விழாது” என்றாள்.

விருதுக் குழுத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “முத்திரை இல்லாம ஏற விதி இருக்கா?”

“இல்லீங்க” என்று சுற்றறிக்கை தன்னை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

“அதை எடுங்க.”

“எதை சார்?”

“டப்பாவுல வச்சிருக்கீங்களே, பழைய உளி. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நிலையத்துல எல்லாச் சாமானும் வளையுது. முத்திரை மட்டும் எப்படி இவ்வளவு அழுத்தமா விழுதுன்னு முதல் வாரமே பாத்துட்டேன். கண்டுக்கல. ஏன் கண்டுக்கல? குறையே இல்லாத ஒரு இடம் நடக்கணும்னா எங்கயாவது ஒரு மூலையில குறையுள்ளது ஒண்ணு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கணும். அதுகூடத் தெரியாம நான் இந்த நாற்காலிக்கு வந்தேனா?” குரல் இன்னும் தணிந்தது. “குடுங்கம்மா. நானே குத்திக்கறேன். உங்க பேர்கூட வராது.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. கம்பியை வளைத்துப் பார்க்காதவர் என்று இத்தனை மாதம் அவரைப் பரிதாபமாக நினைத்திருந்தாள். பார்த்திருக்கிறார். அவளுக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும்.

அவள் கைப்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். இயக்குநர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். அவள் மூடியைத் திறந்தாள். ஒரு கவளம் சோற்றுக்குப் பக்கத்தில் உளி கிடந்தது, தலை விரிந்து, பக்கமெல்லாம் கீறல் விழுந்து, கறுத்து. கொழுந்தன் தொட்டிலிலிருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கமான சொல் தொண்டைவரை வந்தது. அவள் காத்திருந்தாள். அது அங்கேயே எதிலோ மாட்டிக்கொண்டு நின்றது. தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை.

“இல்ல சார்.”

“என்ன?”

“தரமாட்டேன் சார்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டாம் என்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு டப்பாவை மூடி, மூடியை இறுக்கும் பக்கவாட்டுக் கம்பியை இழுத்து மாட்டினாள். அது டக்கென்று விழுந்தது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டிலில் இருந்த கால் மெதுவாக வெளியே வந்து மாடித் தரையில் ஊன்றியது.